மாடியில் வீடு, கீழே பட்டாசுக் கடை: வாசகர் கேள்வி – பதில்

பட்டாசு விற்பனைக்கான அனுமதி, ஆய்வு, கண்காணிப்பு ஆகியவை பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். மதுரை மாநகரிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு, தீயணைப்புத் துறையில் இந்த வட்டாரத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் கட்டுரையாளர் இங்கே பதில் எழுதுகிறார்.

நாங்கள் மாடியில் குடியிருக்கிறோம். கீழே பேன்சி கடை வைத்திருப்பவர் இந்தத் தீபாவளிக்குப் பட்டாசு விற்கப் போவதாகவும், அனுமதிக்கு விண்ணப்பித்துவிட்டதாகவும் சொல்கிறார். எங்கள் படிக்கட்டு அவருடைய கடையை ஒட்டித்தான் இறங்குகிறது. மாமியாருக்கு எழுந்து நடக்க முடியாது. இப்படிப்பட்ட இடத்துக்கு அனுமதி தருவார்களா? நாங்கள் மறுப்புச் சொல்ல முடியுமா?
— ஒரு வாசகி, சிம்மக்கல்

தரக்கூடாது. நீங்கள் தாராளமாக மறுப்புச் சொல்லலாம். உடனே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

பட்டாசு விற்பனைக்கான அடிப்படை, 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் அதன் கீழ் வகுக்கப்பட்ட 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளும் ஆகும். கட்டடத்துக்குள் நடக்கும் கடை எப்படி இருக்க வேண்டும் என்று அந்த விதிகள் மிகத் தெளிவாகச் சொல்கின்றன. கடை செங்கல், கல் அல்லது கான்கிரீட்டால் கட்டப்பட்டுத் தரைத்தளத்தில் இருக்க வேண்டும். பரப்பு 9 சதுர மீட்டருக்குக் குறையாமலும் 25 சதுர மீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். கட்டடத்தின் மற்றப் பகுதிகளிலிருந்து அதை உறுதியான சுவர்கள் முழுவதுமாகப் பிரிக்க வேண்டும். உள்ளே வர ஒரு வழியும், ஆபத்து நேரத்தில் வெளியேறத் தனியாக ஒரு வழியும், வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவுகளும் வேண்டும். மேல்மாடியில் குடியிருப்பு இருந்தால் அதன் கீழே கடை கூடாது. படிக்கட்டுக்கோ லிஃப்டுக்கோ அடியிலும் பக்கத்திலும் கூடாது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், கடைசியாகச் சொன்ன இரண்டுமே உங்கள் வீட்டில் மீறப்படுகின்றன. அவற்றில் ஒன்று போதும், விண்ணப்பத்தை நிராகரிக்க.

அப்படியானால் மாடியில் குடும்பம் இருக்கும் எத்தனையோ வீடுகளின் கீழே எப்படிக் கடை நடக்கிறது என்று கேட்பீர்கள். என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நகருக்குள் ஒரு கடையை ஆய்வு செய்யப் போயிருந்தேன். தெருவின் பெயரும் கடைக்காரரின் பெயரும் இங்கே வேண்டாம். வரைபடம் சுத்தமாக இருந்தது. டேப்பை வைத்து அளந்தேன். நீளம், அகலம் எல்லாம் காகிதத்தில் உள்ளபடியே வந்தன. வாசலில் மணல் வாளிகள் இரண்டு, தண்ணீர் நிரப்பிய டிரம் ஒன்று, தேதி முடியாத தீயணைப்பான் ஒன்று. குறை சொல்ல ஒன்றுமில்லை. வெயில் கடுமையாக இருந்ததால், குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். கடைப் பையன் சரக்கு அலமாரிக்குப் பக்கத்தில் தொங்கிய சாமி படம் போட்ட திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். திரைக்குப் பின்னால் ஒரு மரப் படிக்கட்டு இருந்தது. படியின் அடியில் கூரை முட்ட அட்டைப் பெட்டிகள். மேலேயிருந்து தாளிக்கும் வாசனை வந்தது. வரைபடத்தில் அந்த இடத்தில் வாசல் இல்லாத சுவரைத்தான் வரைந்திருந்தார்கள். எனக்குத் தாகம் எடுக்காமல் இருந்திருந்தால் அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருப்பேன். அதன் பிறகு எந்தக் கடைக்குப் போனாலும் பின்சுவரைக் கையால் தட்டிப் பார்க்காமல் திரும்பியதில்லை.

இதை ஏன் விரிவாக எழுதுகிறேன் என்றால், ஆய்வுக்கு வருபவருக்குக் கிடைப்பது அரை மணி நேரம். நீங்களோ அங்கேயே வசிக்கிறீர்கள். அவர் காணாததை நீங்கள் காண்கிறீர்கள். ஆகவே உங்கள் மனுவில் பொதுவாக "ஆபத்து இருக்கிறது" என்று எழுதாதீர்கள். கதவு எண்ணை எழுதுங்கள். மாடியில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள், அவர்களில் நடக்க முடியாதவர் யார், படிக்கட்டு எந்தப் பக்கம் இறங்குகிறது, வேறு வழி உண்டா இல்லையா என்பதைத் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். படிக்கட்டும் கடை ஷட்டரும் ஒரே படத்தில் தெரியும்படி ஒரு புகைப்படம் இணைத்துவிடுங்கள். மாநகர எல்லைக்குள் உரிமம் வழங்குபவர் காவல் ஆணையர் என்பதால் மனுவை அவருக்கே அனுப்பி, உங்கள் பகுதித் தீயணைப்பு நிலைய அலுவலருக்கு நகல் கொடுத்து, இரண்டுக்கும் ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் வழங்கப்படுவதற்கு முன்பே மனு போய்ச் சேருவது முக்கியம். வழங்கிய பிறகு ரத்து செய்ய வைப்பதைவிட வழங்காமல் நிறுத்துவது எளிது.

கடைக்காரரிடமும் ஒரு வார்த்தை நேரில் பேசிப் பாருங்கள். பல பேருக்கு இந்த விதி இருப்பதே தெரியாது.

தீபாவளிக்கு ஒரு மாதம் மட்டும் பட்டாசு விற்க நினைக்கிறேன். எங்கே விண்ணப்பிப்பது? சென்ற ஆண்டு உரிமம் கைக்கு வந்தபோது பண்டிகைக்குச் சில நாட்கள்தான் இருந்தன. சரக்கை முன்பே வாங்கி வைத்திருந்ததால் தப்பித்தேன்.
— ஒரு சிறு வணிகர், வில்லாபுரம்

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்தபோது எனக்குக் கவலையாக இருந்தது. நீங்கள் "தப்பித்தேன்" என்று எழுதியிருக்கும் அந்த நாட்களில், உங்களிடம் இருந்தது உரிமம் இல்லாத வெடிபொருள் இருப்பு. உரிமமின்றி வைத்திருப்பதும் விற்பதும் கொண்டு செல்வதும் வெடிபொருள் சட்டத்தின் 9பி பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்கள். வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். முன்கூட்டியே வாங்கிய சரக்கு எங்கே இருந்திருக்கும்? வீட்டிலோ, உறவினர் வீட்டுப் பரணிலோ, வேறு பொருட்களுக்கான குடோனிலோதான் இருந்திருக்கும். எந்த ஆய்வாளரும் அளக்காத, எந்த மணல் வாளியும் இல்லாத இடம் அது.

விண்ணப்பிக்கும் முறையைச் சொல்கிறேன். கடை மாநகரக் காவல் எல்லைக்குள் இருந்தால் காவல் ஆணையர் அலுவலகம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி போன்ற ஊர்களில் மாவட்ட நிர்வாகம். அங்கே கோப்பு மாவட்ட வருவாய் அலுவலர் வழியாகப் போகும். ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன்னதாக இரு தரப்பிலும் கடைசி நாளைக் குறிப்பிட்டுச் செய்தி வெளியிடுவார்கள். மாவட்டத்தில் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கும் வசதியும் இருக்கிறது. ஏஇ-5 என்ற படிவம், கடையும் சுற்றுப்புறமும் அளவோடு காட்டப்பட்ட வரைபடம், இடம் சொந்தமானால் வரி ரசீது, வாடகையானால் ஒப்பந்தமும் உரிமையாளரின் சம்மதமும், கட்டணம் செலுத்திய சலான், புகைப்படம், முகவரிச் சான்று ஆகியவை வேண்டும். பிறகு காவல் துறையும் தீயணைப்புத் துறையும் இடத்தைப் பார்த்து அறிக்கை தரும். ஊர்ப்புறங்களில் வட்டாட்சியரின் அறிக்கையும் சேரும். பெரிய அளவில் இருப்பு வைக்கும் கடைகளும் கிடங்குகளும் ஆலைகளும் மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் கீழ் வருகின்றன. நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட அந்த அமைப்புக்குச் சிவகாசியிலேயே அலுவலகம் உண்டு.

உரிமம் தாமதமாக வருகிறது என்ற உங்கள் குறை நியாயமானது. அதை நான் மறுக்கவில்லை. கடைசி வாரத்தில் உரிமம் வந்தால், மொத்த வியாபாரிக்கு முன்பணம் கொடுத்துவிட்டவர் என்ன செய்வார்? விதியை மீறும்படி அவரைத் தள்ளுவது போலத்தான் ஆகிறது. விண்ணப்பங்களை ஒரு மாதம் முன்னதாகவே வாங்கி, ஆய்வை முடித்து, தீபாவளிக்கு 20 நாட்களாவது இருக்கும்போது உரிமத்தைக் கொடுத்துவிட்டால், வீட்டுப் பரணில் பட்டாசு ஏறுவது பெருமளவு நிற்கும். வணிகர் சங்கங்கள் இதை எழுத்துப்பூர்வமாகக் கேட்க வேண்டும். அதுவரை நீங்கள் முன்பணம் மட்டும் கொடுங்கள். சரக்கை உரிமம் பெற்ற மொத்தக் கடையிலேயே விட்டு வையுங்கள்.

பட்டாசுக் கடைகளை எல்லாம் ஊருக்கு வெளியே ஒரே மைதானத்தில் போட்டுவிட்டால் என்ன? சென்னையில் தீவுத்திடலில் அப்படித்தானே நடக்கிறது?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், டி.வி.எஸ். நகர்

நான் பணியில் இருந்த காலத்திலிருந்தே சொல்லி வரும் கருத்து இது. ஒரே மைதானம் என்பதை மட்டும் சற்று மாற்றி, திசைக்கு ஒன்றாக நான்கைந்து மைதானங்கள் என்பேன்.

திறந்தவெளியில் தற்காலிகக் கடை போடுவதற்கு விதிகளில் தனிப் பகுதியே இருக்கிறது. கொட்டகை எளிதில் தீப்பற்றாத பொருளால் ஆனதாக இருக்க வேண்டும். கடைக்கும் கடைக்கும் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி வேண்டும். கடைகள் ஒன்றையொன்று பார்த்தபடி எதிரெதிரே நிற்கக் கூடாது. ஓரிடத்தில் 50 கடைகளுக்கு மேல் கூடாது. வீடு, பள்ளி, மருத்துவமனை, கோயில் போன்ற பாதுகாக்கப்பட வேண்டிய இடங்களிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். அந்த 50 மீட்டருக்குள் யாரும் பட்டாசு கொளுத்திக் காட்டக்கூடாது. எண்ணெய் விளக்கு, கேஸ் விளக்கு எதுவும் கூடாது. மின்விளக்கு போட்டால் சுவரிலோ கூரையிலோ பொருத்த வேண்டும். வயரில் தொங்கவிடக் கூடாது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மெயின் சுவிட்ச் வேண்டும்.

இந்த 50 மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு மாசி வீதிகளில் நடந்து பாருங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நாலு எட்டில் ஒரு வீடு, ஒரு ஜவுளிக்கடை, ஒரு கோயில் வாசல். பழைய நகரத்துக்குள் கொட்டகை போட்டு விற்க ஓர் அடி இடம்கூடச் சட்டப்படி இல்லை என்பதுதான் உண்மை. ஆகவே அங்கே நடக்கும் கடைகள் எல்லாம் கட்டடக் கடைக்கான விதியின் கீழ் உரிமம் பெறுகின்றன. ஆனால் பண்டிகை நெருங்கியதும் ஷட்டருக்கு வெளியே சாமியானா இழுத்து, நடைபாதையில் மேசை போட்டு, அதன் மேல் கிஃப்ட் பாக்ஸ்களை அடுக்கி, தலைக்கு மேல் சீரியல் பல்புகளைத் தொங்கவிடுகிறார்கள். உள்ளே இருப்பது கட்டடக் கடை. வெளியே இருப்பது உரிமமே இல்லாத கொட்டகை. உரிமத்தோடு இணைத்த வரைபடத்தில் அந்த மேசையும் கிடையாது, சாமியானாவும் கிடையாது. என்னைப் பொறுத்தவரை மதுரையில் மிக அதிகமாக நடக்கும் விதிமீறல் இதுதான். மிக எளிதாகத் தடுக்கக் கூடியதும் இதுதான். ஒரு காவலர் நடந்து போகும்போது ஷட்டர் கோட்டைத் தாண்டி எதுவும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பழைய நகரத்தின் நெருக்கத்தில் தீ என்ன செய்யும் என்பதற்கு நமக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2018 பிப்ரவரி 2 அன்று இரவு மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்தது. அங்கே வரிசையாகக் கடைகள் இருந்தன. 2020-இல் தீபாவளி நாளின் அதிகாலையில் விளக்குத்தூண் அருகே ஜவுளிக்கடைக் கட்டடத்தில் பற்றிய தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இருவர், சுவர் இடிந்து விழுந்து உயிரிழந்தார்கள். இந்த இரண்டும் பட்டாசுக் கடைத் தீ அல்ல. ஆனால் வண்டி நுழைவதற்கும் ஹோஸ் இழுப்பதற்கும் வீரர்கள் பட்ட பாட்டை அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தச் சந்துகளில் ஒரு பட்டாசுக் கடை பற்றினால், வண்டி வந்து சேரும்போது அணைப்பதற்குக் கடை இருக்காது. கள்ளக்குறிச்சி மாவட்டம் சங்கராபுரத்தில் 2021 அக்டோபர் 26 அன்று பட்டாசுக் கடை ஒன்று தீப்பிடித்தபோது, பக்கத்து பேக்கரியில் இருந்த எரிவாயு சிலிண்டர்களும் சேர்ந்து வெடித்தன. எரியக்கூடிய பொருட்களைச் சேமித்து வைத்திருக்கும் இடத்திலிருந்து பட்டாசுக் கடை 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்ற விதி அப்படிப்பட்ட நேரத்தை நினைத்து எழுதப்பட்டதுதான்.

மைதானத்துக்குப் போனால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்று கடைக்காரர்கள் அஞ்சுகிறார்கள். மூன்று தலைமுறையாக ஒரே தெருவில் விற்றவருக்கு அந்தப் பயம் இருப்பது இயல்பு. மாநகராட்சி வாடகையைக் குறைத்து, விளக்கும் தண்ணீரும் கழிப்பறையும் செய்து கொடுத்து, கடைசி வாரம் சிறப்புப் பேருந்தும் விட்டால் மக்கள் நிச்சயம் போவார்கள். ஒரு தீயணைப்பு வண்டியை மைதான வாசலிலேயே நிறுத்திவைக்கலாம் என்பது இதில் எனக்குப் பெரிய நிம்மதி.

என் மகனுக்குப் பதினாறு வயது. பள்ளி விடுமுறையில் பட்டாசுக் கடைக்கு ஒரு மாத வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். நல்ல சம்பளம், சாப்பாடு, தங்க இடமும் கடையிலேயே தருகிறார்களாம். அனுப்பலாமா?
— ஒரு தாய், மேலூர்

அனுப்பாதீர்கள், அம்மா. 14 வயது முதல் 18 வயது வரை உள்ள வளரிளம் பருவத்தினரை வெடிபொருள் தொடர்பான வேலையில் வைப்பதைக் குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம் 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு வெளிப்படையாகத் தடை செய்கிறது. கூப்பிடுகிறவர் சட்டத்தை மீறித்தான் கூப்பிடுகிறார்.

"தங்க இடமும் கடையிலேயே" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. பட்டாசு இருக்கும் இடத்தில் இரவில் யாரும் படுத்துறங்கக் கூடாது. ஓசூரைத் தாண்டியவுடன் வரும் கர்நாடக எல்லை ஊரான அத்திப்பள்ளியில் 2023 அக்டோபர் 7 அன்று, லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பட்டாசுக் கடை பற்றியது. முன்பக்கம் எரிந்ததால் உள்ளே இருந்தவர்கள் வெளியேற முடியவில்லை. இறந்தவர்கள் 14 பேருக்குக் குறையாது. அவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து தீபாவளி சீசன் வேலைக்குப் போன இளைஞர்கள், படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் அதில் உண்டு. அவர்கள் வீடுகளிலும் ஒரு மாத வேலைதானே என்றுதான் அனுப்பியிருப்பார்கள்.

உங்கள் மகனுக்கு வேலை வேண்டுமானால் அந்த ஒரு மாதத்துக்குப் பலகாரக் கடையிலோ ஜவுளிக்கடையிலோ கேட்டுப் பாருங்கள். பணம் குறைவாகக் கிடைக்கலாம்.

சிவகாசியிலிருந்து ஆன்லைனில் பாதி விலைக்குத் தருகிறார்கள். லாரி ஆபீசுக்கு வந்துவிடும், போய் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வாங்கலாமா?
— ஒரு வாசகர், கருப்பாயூரணி

கூடாது. பட்டாசுகளை இணையம் வழியாக விற்பதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று வழங்கிய தீர்ப்பிலேயே தடை செய்துவிட்டது. அந்தத் தடை உள்ளூர்க் கடைக்காரரின் வியாபாரத்தைக் காப்பதற்காகப் போடப்பட்டதன்று. கடையில் விற்றால் எவ்வளவு சரக்கு எங்கே இருக்கிறது என்பது உரிமத்தில் எழுதப்பட்டிருக்கும்; ஆன்லைனில் விற்றால் துணி மூட்டையோடும் பெயிண்ட் டப்பாவோடும் சேர்ந்து, என்ன பொருள் என்றே தெரியாத அட்டைப் பெட்டியாக அது லாரி ஆபீசில் கிடக்கும். பெட்டியைத் தூக்கி எறிகிற சுமை தூக்குபவருக்குக்கூட அதில் பட்டாசு இருப்பது தெரியாது. ரயிலில் கொண்டுவந்தால் ரயில்வே சட்டத்தின் 164-ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. பேருந்திலும் கூடாது.

இன்னொன்றும் உண்டு. பணத்தைக் கட்டிவிட்டு, பெட்டியும் வராமல் போனும் எடுக்கப்படாமல் ஏமாந்தவர்கள் ஆண்டுதோறும் காவல் நிலையத்துக்கு வருகிறார்கள். அப்படி ஏமாந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள்.

குறைந்த விலைதான் நோக்கமென்றால், மதுரையிலிருந்து சிவகாசி இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் இருக்கிறது என்று நேரே போய் வாங்கிக் காரின் பின்பக்கம் நிரப்பி வருகிறவர்கள் பலர். வீட்டுத் தேவைக்குச் சிறிதளவு வாங்கி வருவது வேறு. அக்கம்பக்கத்தார் பத்து வீட்டுக்கும் சேர்த்து அள்ளி வருவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள். கூட்டுறவுப் பண்டகசாலைகளிலும் நியாய விலையில் கிடைக்கும்; அங்கே பாருங்கள்.

பசுமைப் பட்டாசு என்று எல்லாப் பெட்டியிலும் போட்டிருக்கிறது. உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சரவெடிக்குத் தடை என்கிறார்கள், ஆனால் விற்கிறார்களே?
— கல்லூரி மாணவி, நாகமலை புதுக்கோட்டை

பசுமைப் பட்டாசின் கலவை, நாகபுரியில் உள்ள நீரி என்ற தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. நுண்துகள் மாசைக் குறைந்தது 30 விழுக்காடு குறைப்பது அதன் இலக்கு. பெட்டியில் பசுமைப் பட்டாசுக்கான முத்திரையும் கியூஆர் குறியீடும் இருக்க வேண்டும். குறியீட்டைக் கைபேசியில் ஸ்கேன் செய்து பாருங்கள். தயாரிப்பாளரின் பெயரும் பட்டாசின் வகையும் பெட்டியில் உள்ளதோடு ஒத்துவர வேண்டும். வெறும் பச்சை நிறத்தில் இலை படம் போட்டிருந்தால் அது முத்திரை ஆகாது. தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் இல்லாத பெட்டியைத் தொடவே வேண்டாம்.

சரவெடியைப் பற்றி நீங்கள் கேட்பது சரியான கேள்வி. ஒன்றோடொன்று கோத்த வெடிகளையும் பேரியம் உப்பு கலந்தவற்றையும் தயாரிக்கவும் விற்கவும் கூடாது என்று 2018-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2021 அக்டோபரில் மீண்டும் அதை வலியுறுத்தியது. ஆயினும் கடையில் முன்வரிசையில் இல்லாவிட்டாலும் "இருக்கிறதா?" என்று கேட்டால் பின்னாலிருந்து எடுத்துத் தருகிறார்கள். தீர்ப்பு டெல்லியில் வருகிறது. அதை நடைமுறைப்படுத்த வேண்டிய இடம் இங்கே ஒரு கடையின் பின் அலமாரி. உரிமம் வழங்கும் அலுவலகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், காவல் நிலையம் ஆகிய மூன்றும் சேர்ந்து பண்டிகைக்கு முன் ஒருமுறையாவது சொல்லாமல் கடைகளுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். ஆய்வு என்றால் இடத்தை அளப்பது மட்டும் என்று எங்கள் காலத்தில் இருந்தது. சரக்கைப் பிரித்துப் பார்ப்பதும் ஆய்வுதான் என்பதை நானும் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

சத்தத்துக்கும் வரம்பு இருக்கிறது. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் அளவைத் தாண்டும் வெடியைத் தயாரிப்பதும் விற்பதும் 1999-ஆம் ஆண்டு முதலே தடை செய்யப்பட்டிருக்கிறது. கந்தகத்தோடு குளோரேட்டைக் கலந்த வெடிகள் 1992 முதல் தடையில் உள்ளன. உரசினாலே வெடிக்கும் தன்மை அந்தக் கலவைக்கு உண்டு.

எந்த நேரத்தில் வெடிக்கலாம்?
— ஒரு வாசகர், ஆனையூர்

தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையும் அரசு அனுமதித்து வருகிறது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம், வழிபாட்டுத் தலம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் வெடிக்கக் கூடாது.

எதிர்வீட்டுக் கடைக்காரர் தீபாவளி முடிந்த பிறகு மிச்சப் பட்டாசை எல்லாம் வீட்டில் ஏற்றி வைத்திருக்கிறார். கேட்டால் கார்த்திகைக்கும் புத்தாண்டுக்கும் விற்றுவிடுவேன், என்னிடம்தான் லைசென்ஸ் இருக்கிறதே என்கிறார். இது சரிதானா?
— ஒரு வாசகர், பழங்காநத்தம்

சரியில்லை. பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் இது. உரிமம் ஆளுக்குக் கொடுக்கப்படுவதில்லை. இன்ன கதவு எண்ணில், இன்ன அளவுள்ள அறையில், இத்தனை கிலோ வரை, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று ஓர் இடத்துக்கும் காலத்துக்கும் கொடுக்கப்படுகிறது. உரிமம் உள்ளவர் அதே பட்டாசைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனால், வீட்டில் அவர் உரிமம் இல்லாதவர்தான். தேதி முடிந்துவிட்டால் கடையிலேயே வைத்திருந்தாலும் உரிமம் இல்லாதவர்தான். மிச்சத்தை, வைத்துக்கொள்ள உரிமம் உள்ள மொத்த வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாங்கும்போதே "மிச்சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?" என்று பேசி எழுதி வாங்கிக்கொள்ளும் கடைக்காரர்கள் உண்டு, எல்லோரும் அப்படிச் செய்வது நல்லது.

தீபாவளிக்கு முன் அத்தனை கெடுபிடியாக நடக்கும் கண்காணிப்பு மறுநாளோடு ஓய்ந்துவிடுகிறது என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். எத்தனை கிலோவுக்கு உரிமம் கொடுத்தோம் என்ற பதிவு அலுவலகத்தில் இருக்கிறது. எத்தனை கிலோ மிஞ்சியது, அது எங்கே போனது என்ற பதிவு இல்லை. தீபாவளி முடிந்த ஒரு வாரத்துக்குள் ஒவ்வொரு தற்காலிகக் கடைக்காரரும் மிச்சக் கணக்கையும் திருப்பிக் கொடுத்த ரசீதையும் ஒப்படைக்க வேண்டும், ஒப்படைக்காதவருக்கு அடுத்த ஆண்டு உரிமம் இல்லை என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய பட்டாசை அடுப்பங்கரைப் பரணில் காயவைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பரணுக்கு நேர் கீழே ஸ்டவ் எரிந்துகொண்டிருந்தது.

எதிர்வீட்டுக்காரரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகும் எடுக்கவில்லை என்றால் உங்கள் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். அவசரம் என்று தோன்றினால் 112-ஐ அழையுங்கள். அடுத்த தீபாவளிக்கு அவர் கடை போடும்போது, உரிமத்தை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். மாட்டியிருந்தால் பெயரை விட்டுவிட்டு முதலில் தேதியைப் படியுங்கள், அடுத்து கிலோவை, அடுத்து கதவு எண்ணை. கூடவே இணைத்திருக்கும் வரைபடத்தையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அதில் பின்சுவர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, கடையின் பின்பக்கத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.